கால்க் ஷீட்டுக்குள்ளிருந்தே பைதான் ஓட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

திருப்பூரில் ஒரு தையல் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று அறுபது பேருக்கு மேல் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறார்கள். யார், எந்த ஆபரேஷன், எத்தனை பீஸ், ரேட் என்ன என்று தினமும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் (எக்செல் மாதிரியான இலவச மென்பொருள்) ஏற்றுவேன், வாரக் கடைசியில் நானூறு வரி சேர்ந்துவிடும், சனிக்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவருக்கும் கூட்டிப் போட்டுக் கவரில் பணம் போட வேண்டும். ஃபார்முலாவிலேயே பல மாதம் ஓட்டினேன். பெயரில் ஒரு எழுத்து மாறினால் ஒருவர் சம்பளம் இரண்டாகப் பிரிந்து நிற்கும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் வாசலில் ஆட்கள் வரிசை கட்டிவிடுவார்கள்.

அதனால்தான் அந்த ஷீட்டுக்குள்ளேயே பைதான் என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டப் பழகினேன். பைதான் ஓரளவு தெரிந்திருந்தும் எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. கணக்கு எழுதுவதில் அந்த நேரம் போகவில்லை. கோப்பை எங்கே வைப்பது, எந்தப் பைதான் ஓடுகிறது, செல்லில் இருப்பது எந்த வடிவத்தில் கைக்கு வருகிறது என்ற மூன்றில்தான் மொத்த நேரமும் போனது. உங்களுக்கு அது அரை நாளில் முடியட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முன்கூட்டியே: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பைதானுக்கு முக்கியம் என்பதால் தேவையான இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

1. எந்த வழி, எவ்வளவு செலவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. எக்செலுக்குள்ளேயே பைதான் என்று மைக்ரோசாஃப்ட் 2023 ஆகஸ்டில் முன்னோட்டம் விட்டது, 2024 செப்டம்பரில் விண்டோஸில் நிறுவனச் சந்தாக்காரர்களுக்கு முழுமையாகக் கொடுத்தது. செல்லில் சமக்குறி போட்டு பி, ஒய் என்று தட்டி அடைப்புக்குறி திறந்தால் அந்தச் செல் பைதான் செல்லாகிவிடும். நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும், இணையம் வேண்டும், கணக்கு உங்கள் கணினியில் நடக்காது, தரவு அவர்களுடைய மேகக் கணினிக்குப் போய்த்தான் விடை திரும்பி வரும். உங்கள் கணினியில் இருக்கும் வேறு கோப்பை அந்தப் பைதானால் திறக்கவும் முடியாது.

இரண்டாவது, எக்செலையும் பைதானையும் இணைக்கும் எக்ஸ்எல்விங்ஸ் என்ற தொகுப்பு. எக்செல் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. அடிப்படைப் பதிப்பு இலவசம், திறந்த மூலம், கணக்கும் உங்கள் கணினியிலேயே நடக்கும். பைதானைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். செல்லுக்குள் ஃபார்முலாவாகப் பைதான் ஃபங்ஷனைக் கூப்பிடும் வசதி இந்த அடிப்படைப் பதிப்பில் விண்டோஸில் மட்டும்தான்.

மூன்றாவது லிப்ரே ஆபிஸ். இதற்குச் செலவு பூஜ்யம். விண்டோஸில் நிறுவும்போது பைதானும் கூடவே வந்துவிடுகிறது, இணையம் இல்லாமலும் ஓடும். அறுபது பேருடைய சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற ஷீட்டை வெளியே எங்கும் அனுப்ப எனக்கு மனமில்லை, அதனால் இதையே எடுத்தேன். இனி வருவதெல்லாம் இந்த வழிக்குத்தான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் ஷீட்டின் நகல் ஒன்று. அசலில் கை வைக்காதீர்கள். ஸ்கிரிப்ட் தவறான இடத்தில் எழுதிவிட்டால், எழுதியது எது, பழையது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. நகலை லிப்ரே ஆபிஸின் சொந்த வடிவமான ஓடிஎஸ்ஸில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் பத்திகளை எழுதுங்கள்: எந்தப் பத்தியில் பெயர், எதில் பீஸ், எதில் ரேட். பைதான் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதால் ஏ பத்தி 0, பி பத்தி 1, சி பத்தி 2 என்று பக்கத்திலேயே எண்ணையும் குறித்துவிடுங்கள். எனக்கு ஏ தேதி, பி பெயர், சி ஆபரேஷன், டி பீஸ், ஈ ரேட். அந்தத் தாள் இன்னும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது.

மூன்றாவது, ஆட்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று தனி ஷீட்டில். டோக்கன் எண் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து. இது ஏன் என்று ஆறாவது படியில் தெரியும்.

3. ஸ்கிரிப்ட் கோப்பை வைக்க வேண்டிய ஃபோல்டர்

என் முதல் ஞாயிறு முழுக்க இதில் போனது. எடிட்டரைத் திறந்து பைதான் எழுதலாம் என்று மேக்ரோ மெனுவுக்குப் போனால் பைதானுக்கு மட்டும் எடிட் பட்டன் மங்கிக் கிடந்தது. பைதான் மேக்ரோவை, அதாவது ஷீட்டிலிருந்து ஓட்டும் ஸ்கிரிப்டை, வெளியே ஒரு கோப்பாக எழுதி, லிப்ரே ஆபிஸ் தேடும் ஃபோல்டரில் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த ஃபோல்டர் பெரும்பாலும் உங்கள் கணினியில் இருக்காது, அதையும் நீங்களேதான் உருவாக்க வேண்டும்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று தட்டி என்டர் அடியுங்கள். உள்ளே லிப்ரேஆபிஸ் ஃபோல்டர், அதற்குள் 4, அதற்குள் யூசர். உங்கள் லிப்ரே ஆபிஸ் பதிப்பு 7 ஆக இருந்தாலும் 24 ஆக இருந்தாலும் அந்த ஃபோல்டரின் பெயர் 4 தான், பழைய பதிப்பின் மிச்சம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யூசருக்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒன்று, அதற்குள் பைதான் என்று ஒன்று உருவாக்குங்கள். முதலாவதில் எஸ் பெரிய எழுத்து, இரண்டாவதில் எல்லாமே சின்ன எழுத்து. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

லினக்ஸில் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் இதே வரிசை. உபுண்டுவில் இன்னொரு வேலையும் உண்டு: லிப்ரேஆபிஸ்-ஸ்கிரிப்ட்-ப்ரொவைடர்-பைதான் என்ற பொட்டலத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம், அது இல்லாவிட்டால் மேக்ரோ பட்டியலில் பைதானே தெரியாது. ஸ்நாப் அல்லது ஃபிளாட்பேக் வழியாக நிறுவியவர்களுக்கு ஃபோல்டர் வேறு இடத்தில் இருக்கும். எங்கே என்று சந்தேகமாக இருந்தால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரேஆபிஸ், பாத்ஸ் என்று போய் பேக்கப்ஸ் வரியைப் பாருங்கள். அதில் யூசர் ஃபோல்டரின் முழு முகவரி தெரியும்.

நோட்பேடில் எழுதிச் சேமிப்பவர்கள் கவனியுங்கள். கோப்பின் வால் புள்ளி பிஒய் என்று முடிய வேண்டும். விண்டோஸ் வால்பெயரை மறைத்து வைத்திருந்தால், பிஒய்க்குப் பின்னால் நோட்பேட் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிட்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது, லிப்ரே ஆபிஸும் அதை எடுத்துக்கொள்ளாது. எக்ஸ்புளோரரில் வால்பெயர் காட்டும் வசதியை இன்றே போட்டுவிடுங்கள்.

4. முதலில் ஒரே ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள்

முழுக் கணக்கையும் எழுதிவிட்டு ஓட்டாதீர்கள். ஐந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் போதும். டெஃப் போட்டு சம்பளம் என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன். உள்ளே முதல் வரி, திறந்திருக்கும் கோப்பைக் கையில் எடுப்பது: எக்ஸ்ஸ்கிரிப்ட்கான்டெக்ஸ்ட், புள்ளி, கெட்டாக்குமென்ட், வெற்று அடைப்புக்குறி. முதல் சொல் முழுக்கப் பெரிய எழுத்து, இரண்டாவதில் டி மட்டும் பெரியது. அடுத்த வரி, ஷீட்ஸ் புள்ளி கெட்பைநேம் கொடுத்து ஷீட்டின் பெயரைச் சொல்வது. ஷீட்டின் பெயர் தமிழில் இருந்தாலும் சரியாகவே வேலை செய்கிறது, என் ஷீட் பெயர் பதிவு. மூன்றாவது, கெட்செல்ரேஞ்ச்பைநேம் வழியாக எச்1 செல்லைப் பிடித்து அதன் ஸ்ட்ரிங்கில் வணக்கம் என்று போடுவது.

கடைசி வரி ஃபங்ஷனுக்கு வெளியே: ஜி அடிக்கோடு எக்ஸ்போர்ட்டட்ஸ்கிரிப்ட்ஸ் சமம், அடைப்புக்குறிக்குள் ஃபங்ஷன் பெயர், ஒரு காற்புள்ளி. இதில் ஜி சின்னது, ஈயும் சின்னது, ஸ்கிரிப்ட்ஸின் எஸ் மட்டும் பெரியது. ஒரே ஃபங்ஷன்தானே என்று காற்புள்ளியை விட்டால் அது பட்டியலாகாது.

சேமித்துவிட்டு கால்க்கில் டூல்ஸ், மேக்ரோஸ், ரன் மேக்ரோ. மை மேக்ரோஸுக்குள் உங்கள் கோப்பின் பெயர் இருக்கும், அதைத் தொட்டால் வலப்பக்கம் ஃபங்ஷன் பெயர். ரன். எச்1 செல்லில் வணக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நடுவில் ஜாவா வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தால் பதறாதீர்கள், பைதான் மேக்ரோவுக்கு ஜாவா தேவையில்லை, மூடிவிட்டுத் தொடருங்கள். நான் அதை நம்பி ஜாவாவை இறக்கி நிறுவி ஒரு மாலையை வீணடித்தேன்.

கோப்பை இப்படி வெளியே எழுதி எழுதி வைப்பது சிரமமாக இருந்தால் ஆப்ஸோ என்ற நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதைப் போட்டபின் மேக்ரோ பட்டியலிலிருந்தே கோப்பைத் திறந்து திருத்தலாம்.

5. வரிகளை மொத்தமாக எடுங்கள், மொத்தமாக வையுங்கள்

ஒவ்வொரு செல்லாகப் படித்து ஒவ்வொரு செல்லாக எழுதுவதுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். வேலை நடக்கும், ஆனால் வரி கூடக் கூட ஊர்ந்து போகும். கெட்டேட்டாஅரே என்று கேட்டால் முழுப் பகுதியும் ஒரே மூச்சில் வந்துவிடும், செட்டேட்டாஅரே கொடுத்தால் ஒரே மூச்சில் போய் உட்கார்ந்துவிடும்.

பகுதியைப் பிடிக்க கெட்செல்ரேஞ்ச்பைபொசிஷன் என்பதில் நான்கு எண்கள் கொடுக்க வேண்டும். பத்திதான் முதலில், வரி அப்புறம். தொடக்கப் பத்தி, தொடக்க வரி, முடிவுப் பத்தி, முடிவு வரி. ஏ2 முதல் ஈ400 வரை வேண்டுமென்றால் 0, 1, 4, 399. வரியை முதலில் எழுதினால் எந்தப் பிழையும் காட்டாமல் வேறு பகுதியை எடுத்துக் கொடுக்கும், அதுதான் ஆபத்து.

எழுதும்போது பகுதியின் அளவும் நீங்கள் கொடுக்கும் தரவின் அளவும் ஒரு செல்கூட வித்தியாசம் இல்லாமல் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பிழை. விடையை டியூப்பிளுக்குள் டியூப்பிளாக (டியூப்பிள் என்பது பைதானில் மாற்ற முடியாத பட்டியல்) மாற்றியே கொடுங்கள். எழுதுவதற்கு முன் பழைய விடையைத் துடைக்கவும் மறக்காதீர்கள். போன வாரம் 64 பேர், இந்த வாரம் 61 பேர் என்றால் கீழே மூன்று பழைய வரிகள் அப்படியே நிற்கும், மொத்தமும் தப்பாகும். கிளியர்கன்டென்ட்ஸ் என்பதற்கு 7 கொடுத்தால் எண், தேதி, எழுத்து மூன்றும் போகும், ஃபார்முலா தங்கும்.

6. செல்லில் தெரிவதும் பைதானுக்கு வருவதும் ஒன்றல்ல

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள், பணம் தப்பாகப் போவது இங்கேதான்.

எண்கள் எல்லாமே தசமத்தோடு வரும், 25 என்று அடித்தது 25.0 ஆக வரும். காலிச் செல் பூஜ்யமாக வராது, வெற்றெழுத்தாக வரும். பீஸ் போட மறந்த ஒரு வரியில் அந்த வெற்றெழுத்தை ரேட்டோடு பெருக்கப் போனால் டைப்எரர் என்று நின்றுவிடும். நிற்பதே நல்லது. காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எழுதி அதை மூடி மறைக்காதீர்கள், அந்த வரி எண்ணைத் தனியாகக் குறித்து வெளியே காட்டச் செய்யுங்கள், ஏனென்றால் அது யாரோ ஒருவருடைய ஒரு நாள் கூலி.

தேதி, தேதியாக வராது. 1899 டிசம்பர் 30லிருந்து எத்தனை நாள் என்ற எண்ணாக வரும். 2025 ஜனவரி 1 என்பது 45658. திரும்ப எழுதும்போதும் பைதானின் தேதியை அப்படியே கொடுக்காமல், அந்த எண்ணாக்கிக் கொடுத்துவிட்டு செல்லுக்குத் தேதி வடிவம் போட்டுவிடுங்கள்.

வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக அடித்திருந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும், 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் கடைசி இலக்கங்களும் மாறிவிடும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், அடித்த பிறகு மாற்றுவதில் பயனில்லை.

முழு ரூபாயாக்குவதிலும் ஒரு குழி உண்டு. 412 ரூபாய் 50 பைசாவை கால்க்கில் ரவுண்ட் செய்தால் 413. பைதானின் ரவுண்ட் 412 தரும், சரிபாதி வந்தால் அது இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். எங்கள் யூனிட்டில் ஒரு அக்கா தன் நோட்டில் எழுதி வைத்திருந்த கணக்கோடு வந்து ஒரு ரூபாய் குறைகிறதே என்று கேட்டபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அவர் கணக்கு சரி. இப்போது ஸ்கிரிப்ட் பைசாவோடு எழுதுகிறது, ரூபாயாக்கும் வேலையை ஷீட்டின் ஃபார்முலா செய்கிறது.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். இதைத் தமிழில் தட்டுகிற நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோபால் என்ற பெயரில் கோ என்ற எழுத்தில் க-வுக்குப் பின் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பின் நெடில் வடிவம் ஒன்று, துணைக்கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைதானுக்கு இரண்டும் வேறு ஆட்கள். யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் நார்மலைஸ் என்பதற்கு என்எஃப்சி கொடுத்து ஒவ்வொரு பெயரையும் முதலில் அலசிவிட்டால் இது தீர்ந்துவிடும். கூடவே ஸ்ட்ரிப் போட்டு முன்பின் இடைவெளியையும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் கௌசல்யா அதிலும் தீராது. ஔகாரக் குறியைத் தட்டாமல், ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தைத் தட்டினால் கெளசல்யா. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதை நார்மலைஸ் திருத்தாது, ஏனென்றால் ள உண்மையிலேயே வேறு எழுத்து. எங்கள் கௌசல்யாவுக்கு ஒரு வாரம் இரண்டு கவர் வந்தது, இரண்டிலும் பாதிப் பாதிப் பணம். அதனால்தான் பெயர்ப் பட்டியலைத் தனி ஷீட்டில் வையுங்கள் என்றேன். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் அதைப் புதிய ஆளாகச் சேர்க்கக் கூடாது, இந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்று ஒரு தனி ஷீட்டில் எழுத வேண்டும். டோக்கன் எண்ணை வைத்தே கூட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. பதிவு ஷீட்டில் பீஸ் பெருக்கல் ரேட்டின் மொத்தத்தை ஃபார்முலாவில் தனியாகப் போட்டு வையுங்கள், ஸ்கிரிப்ட் தரும் எல்லோருடைய சம்பளத்தின் மொத்தமும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் தட்டினாலும் கவர் போடாதீர்கள்.

7. பட்டன் வைப்பது

ஒவ்வொரு வாரமும் மெனுவுக்குள் போகத் தேவையில்லை. வியூ, டூல்பார்ஸ், ஃபார்ம் கன்ட்ரோல்ஸ் எடுத்து ஒரு புஷ் பட்டனை ஷீட்டில் வரையுங்கள். அதன் மேல் வலது கிளிக், கன்ட்ரோல் ப்ராப்பர்ட்டீஸ், ஈவென்ட்ஸ், எக்ஸிக்யூட் ஆக்ஷனில் உங்கள் மேக்ரோ. அப்புறம் டிசைன் மோடை அணைத்தால்தான் பட்டன் அழுந்தும்.

மெனுவில் ஓடிய ஸ்கிரிப்ட் பட்டனில் ஓடாமல், பூஜ்யம் வாங்கும் ஃபங்ஷனுக்கு ஒன்று கொடுக்கப்பட்டது என்று பிழை வந்தால், காரணம் இதுதான்: பட்டன் அழுத்தப்பட்ட செய்தியை லிப்ரே ஆபிஸ் உங்கள் ஃபங்ஷனுக்குள் அனுப்புகிறது, வாங்கிக்கொள்ள அங்கே இடமில்லை. ஃபங்ஷன் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறியும் ஆர்க்ஸும் போட்டுவிட்டால் இரண்டிலும் ஓடும்.

அழுத்துவதற்கு முன் எப்போதும் சேமியுங்கள். ஸ்கிரிப்ட் முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தால் நிறுத்த பட்டன் கிடையாது, லிப்ரே ஆபிஸ் முழுவதும் உறைந்துவிடும், மூடித் திறப்பதுதான் வழி. சேமிக்காதது போனதுதான்.

செல்லுக்குள் ஃபார்முலா மாதிரி உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடலாமா என்று கேட்பீர்கள். நேரடியாக முடியாது, பேசிக் மொழியில் ஒரு சின்ன இடைத்தரகு ஃபங்ஷன் எழுதி அதன் வழியாகப் போகலாம். பட்டனில் வேலை முடிகிறதென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

8. பாண்டாஸ் போன்ற கூடுதல் தொகுப்புகள்

கணினியில் பாண்டாஸ் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைதான் தொகுப்பு) இருக்கிறதே, ஏன் மேக்ரோவில் இல்லை என்கிறது? விண்டோஸில் ஓடுவது நீங்கள் நிறுவிய பைதான் அல்ல, லிப்ரே ஆபிஸ் தன்னோடு கொண்டுவந்த பைதான். அதற்கு, தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் கிடையாது. கெட்-பிப் கோப்பை இறக்கி, லிப்ரே ஆபிஸின் ப்ரோகிராம் ஃபோல்டரில் இருக்கும் பைதானாலேயே, நிர்வாகி உரிமையோடு ஓட்டி, அப்புறம் தொகுப்பை நிறுவ வேண்டும். லிப்ரே ஆபிஸைப் புதுப்பிக்கும்போது உள்ளே இருக்கும் பைதானின் பதிப்பும் மாறினால் இந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். உபுண்டுவின் சொந்தப் பொட்டலமாக நிறுவியிருந்தால் கணினியின் பைதானே ஓடும், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

கூட்டல், வரிசைப்படுத்தல், பெயர் அலசல் இவ்வளவுக்கும் பைதானோடு வருவதே போதும். என் ஸ்கிரிப்டில் வெளித்தொகுப்பு ஒன்றுகூட இல்லை.

9. வேறு கணினிக்குக் கொண்டுபோவது

மை மேக்ரோஸில் இருக்கும் ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கிறது. ஷீட்டை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோனால் அங்கே பட்டன் இருக்கும், அழுத்தினால் பிழை வரும். ஒன்று, பிஒய் கோப்பையும் எடுத்துப்போய் மூன்றாம் படியில் சொன்ன ஃபோல்டரில் வையுங்கள். இல்லையென்றால் ஆப்ஸோ வழியாக ஸ்கிரிப்டை ஷீட்டுக்குள்ளேயே பதித்துவிட்டு பட்டனைப் பதித்த மேக்ரோவுக்கு மாற்றுங்கள். பதித்தபின் எக்ஸ்எல்எஸ்எக்ஸாகச் சேமித்தால் ஸ்கிரிப்ட் போய்விடும், ஓடிஎஸ்ஸாகவே வைத்திருங்கள்.

பதித்த ஸ்கிரிப்டுக்குப் பாதுகாப்பு அமைப்பு குறுக்கே வரும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, மேக்ரோ செக்யூரிட்டியில் ஹை என்று இருந்தால் ஓடவிடாது. மீடியம் வையுங்கள், திறக்கும்போது ஒருமுறை கேட்கும். இல்லையென்றால் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நம்பகமான இடமாகச் சேருங்கள். யார் சொன்னாலும் லோ மட்டும் வைக்காதீர்கள், அப்படி வைத்தால் வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பின் மேக்ரோவும் கேட்காமலே ஓடும்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஃபோல்டரும் வணக்கமும் ஒரு மணி நேரம். உங்கள் ஷீட்டுக்கு ஏற்ற கணக்கை எழுத இரண்டு மூன்று மணி நேரம். அதன்பின் குறைந்தது நான்கு வாரம் பழைய முறையிலும் புதிய முறையிலும் சேர்த்தே போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் கௌசல்யா மாட்டினார்.